இரண்டாவது கூண்டையும் எழுதியவர்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். நெய்வேலி மெயின் பஜாரில் நான் வேலை பார்க்கும் கண் மருத்துவ நிலையத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குக் கண்ணாடி எண் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நான்காவது வரியில் தடுமாறிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. சிவக்கொழுந்து. வேலை நேரத்தில் அழைக்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது.

"அண்ணே, அக்கா போயிட்டாங்கண்ணே."

எந்த அக்கா என்று நான் கேட்கவில்லை. அவனுக்கு இருந்தது ஒரே அக்கா. காலையில் கல்லூரிக்குக் கிளம்பிப் பஸ்சுக்கு நின்றவர், தலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கும் என்றார்களாம். வயது நாற்பத்தொன்று. ஆசிரியர் நாற்காலியில் காத்திருந்தார். மீதி வரிகளை அவருக்குப் படிக்கக் கொடுத்தேனா என்பதுகூட எனக்கு நினைவில்லை.

முனைவர் க. செந்தாமரை அவர்களை டவுன்ஷிப்பில் அறிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. அறிந்தவர்களும் "எலி ஆராய்ச்சி பண்ணுன பொண்ணு" என்ற அளவில்தான் அறிவார்கள். கம்மாபுரம் பக்கத்து ஊர்களிலோ குறிஞ்சிப்பாடி நெசவாளர் தெருக்களிலோ போய்க் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவருடைய குடும்பத்துக்கு நான் இழைத்த ஒரு தவறை நான் மட்டும்தான் எழுத முடியும். அதனால் எழுதுகிறேன்.

அவருடைய தந்தை கலியபெருமாள் அண்ணன். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்த குடும்பம். சுரங்கத்துக்காக அவர்களுடைய குடியிருப்பை இடம் மாற்றியபோது அண்ணன் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனார். பல வருஷம் கழித்துப் பர்மனென்ட் ஆனார். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாரிப் போடுகிற வேலை. பொழுது சாய்ந்தால் அவருக்குக் கண் தெரியாது. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் யாரிடமும் சொல்லாமல், ஆளாளிடம் கெஞ்சி முதல் ஷிப்டையே மாற்றி வாங்கிக்கொண்டிருந்தார். விடியுமுன் இருட்டில் பஸ் ஏறும் இடம் வரை அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனவர் எட்டு வயது மகள் செந்தாமரை. "பொண்ணு அப்பன வுட்டுப் பிரியாது" என்று கூட நிற்பவர்கள் சிரிப்பார்களாம். அப்பாவும் சேர்ந்து சிரிப்பாராம்.

"நோயவிட அத மறைச்சதுதாங்க எங்க அப்பாவ ரொம்பத் தேய்ச்சிடுச்சு" என்று செந்தாமரை பிற்காலத்தில் என்னிடம் சொன்னார்.

தானே புயல் அடித்துப் போனதற்கு அடுத்த வருஷம் நான் அவரை முதலில் பார்த்தேன். தம்பியை அழைத்துக்கொண்டு எங்கள் நிலையத்துக்கு வந்திருந்தார். சிவக்கொழுந்துக்கு அப்போது இருபது வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு மைன்ஸில் அப்ரண்டிஸ் சேர விண்ணப்பம் போடுவதற்காக வந்தான். நான் மருந்து விட்டுப் பார்த்தேன். விழித்திரையின் ஓரமெல்லாம் எலும்புச் சில்லுகளைச் சிதறவிட்டது போலக் கரும்படிவங்கள். நடுவில் மட்டும் கொஞ்சம் நல்ல இடம் மிச்சமிருந்தது. இந்த நோயில் பார்வை ஓரத்திலிருந்துதான் போகும். கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகி, அதுவும் அடைபடும்.

நான் வழக்கம்போல, "டாக்டர் வந்து சொல்லுவார்" என்றேன்.

"எனக்குத் தெரியும் சார். நடுவுல எவ்வளவு மிச்சம் இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் செந்தாமரை.

அப்போதுதான் அவர் யார் என்று தெரிந்தது. வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிகப் பணியில் இருந்தார். பிறவி மரபணுக் கோளாறால் விழித்திரை அழிந்து போகும்போது, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதில் என்ன செய்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நான் அவரை டாக்டரம்மா என்றேன். "நான் வைத்தியம் பாக்குற டாக்டர் இல்லீங்க. எலிக்குக்கூட வைத்தியம் பாக்கல. அது எப்படிக் கெட்டுப் போவுதுன்னுதான் பாத்துகினு இருக்கேன்" என்றார். அன்றிலிருந்து மேடம் என்று அழைக்கத் தொடங்கினேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

அவருடைய ஆராய்ச்சியை எனக்குப் புரியவைத்தது புத்தகங்கள் அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கலியபெருமாள் அண்ணன் மகளைக் கேட்டார்.

"எலிக்குக் கண்ணு தெரிஞ்சா நமக்கு இன்னாம்மா?"

"அப்பா, கண்ணுக்குள்ள வாட்ச்மேன் மாதிரி சில செல்லு இருக்குது. செத்த செல்லு, குப்பை எல்லாத்தையும் வாரிக்கினு சுத்தமா வச்சிருக்கும். அதுங்க மேல ஏற்பின்னு ஒண்ணு இருக்குது. வாட்ச்மேனுக்குக் காது மாதிரி வச்சுக்கோயேன். பக்கத்துல செல்லு நொறுங்குனா அந்தத் தூளு ஏற்பியில வந்து ஒட்டும். ஒட்டுனதும், ஆபத்துன்னு உள்ளாற சேதி போவும்."

"போனா?"

"நம்ம கண்ணுல கோளாறு பொறப்புலயே இருக்குது. தெனமும் செல்லு நொறுங்கிகினே இருக்கும். சேதியும் போய்கினே இருக்கும். கடைசியில வாட்ச்மேனுக்கு வெறி புடிச்சு, உயிரோட இருக்குற செல்லையும் முழுங்க ஆரம்பிச்சிடும்."

"அப்ப அவன வேலய வுட்டுத் தூக்கிடு."

"தூக்கிட்டா குப்பைய யாருப்பா வார்றது?"

அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். பிறவிக் கோளாறைத் திருத்த இப்போதைக்கு முடியாவிட்டாலும், அந்த ஏற்பியின் வாயை அடைத்துவிட்டால் அழிவின் வேகத்தைக் குறைக்க முடியுமா, இருக்கிற பார்வையைப் பத்து வருஷம் கூடுதலாகக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் மேடத்தின் கேள்வி.

ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் வெறுமனே இருக்கவில்லை. இந்த நோய் உள்ள குடும்பங்களைத் தேடிப் போய்ப் பட்டியல் எடுத்தார். கண்ணைப் பார்க்கும் கருவியோடு என்னையும் அழைத்தார். என் மோட்டார் சைக்கிளின் பின்னால் நோட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவார். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் தம் கதையைச் சொல்வார். "எங்க அம்மா எங்க அப்பாவுக்கு அத்தை மவங்க. அதனாலதான் என் தம்பிக்கு மாட்டிக்கிச்சு. எனக்கு எப்படியோ தப்பிச்சுது. எனக்கும் மாமன் முறையில கேட்டாங்க. மாமா நல்லவருதான். வேணாம்னுட்டேன்." இதை அவர் சொன்ன பிறகு, அதுவரை அப்படி யாருமே தங்கள் வீட்டில் இல்லை என்றவர்கள் உள்ளே போய், கண் தெரியாத பெரியப்பாவையோ சின்னப் பிள்ளையையோ கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வருவார்கள்.

குறிஞ்சிப்பாடியில் நெசவு வேலை செய்யும் வீடொன்றில் ஒரு தாய், இரண்டாவது பிள்ளைக்கும் வருமா என்று கேட்டார். மேடம், "தெரியாதும்மா" என்றார். வெளியே வந்ததும் நான், "வராதுன்னு சொல்லியிருக்கலாமே மேடம், பாவம்" என்றேன். "வந்துட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுகினு திரும்ப இந்த வாசல்ல வந்து நிப்பேன் சார்?" என்றார். இது நடந்து ஆறு மாதத்துக்குள், அப்படி நாவைக் காக்க வேண்டிய முறை எனக்கு வந்தது.

ஒரு மாலை ஆய்வுக்கூடத்திலிருந்து போன் செய்தார். குரலே வேறாக இருந்தது. ஏற்பி இல்லாமல் பிறக்கும்படி செய்த எலிகளில் விழித்திரை அழிவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தாமதமாகியிருக்கிறது என்றார். "வெட்டிப் பாத்தேன் சார். செல்லு வரிசை வரிசையா நிக்குது." பிறகு உடனே, "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. இது ஒரு வகை எலிதான். வேற கோளாறு உள்ள எலிங்க இன்னொரு கூண்டுல இருக்குது. அதுங்களையும் பாக்கணும்" என்றார்.

நான் சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் டவுன்ஷிப்பில் ஒரு சங்கத்தார் கண் தானக் கூட்டம் நடத்தினார்கள். மைக்கை என்னிடம் கொடுத்தபோது, "நம்ம மைன்ஸ் தொழிலாளி கலியபெருமாள் மகள், கண் போற வியாதியை நிறுத்திக் காட்டிவிட்டார்" என்று பேசினேன். கைதட்டல் பலமாக இருந்தது. அதை அவருக்கான கைதட்டல் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டத்தில் இருந்த ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். பார்வை மங்கிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கலியபெருமாள் அண்ணன் வீட்டுக்கு ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். மேடம் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, ஒவ்வொருவரிடமும், இது எலியில் பார்த்தது, மருந்து இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பினார். என்னைக் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. "ஆசையில சொல்லிட்டீங்க" என்றார், அவ்வளவுதான்.

ஆனால் அதோடு முடியவில்லை. அந்த நாட்களில் ஒருநாள் சிவக்கொழுந்து கண்ணாடிச் சட்டம் சரிசெய்ய என்னிடம் வந்தான்.

"அண்ணே, அக்கா சொல்ற அந்த வாட்ச்மேன் செல்ல அடக்குறதுக்கு மாத்திரை எதுனா கடையில கெடைக்குமா?"

சட்டத்தின் ஆணியைத் திருகிக்கொண்டே, "ஸ்டீராய்டு எல்லாம் அந்த மாதிரி வேலையைத்தான் பண்ணுது" என்றேன். அதற்கு மேல் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. இந்த நோய்க்கு அது பயன்படாது, சிலருக்குக் கண்ணில் அழுத்தத்தை ஏற்றிவிடும், டாக்டர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது. முப்பது வருஷமாகக் கண் பார்க்கிற எனக்குத் தெரியாததா? அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டார். நான் எழுந்து போய்விட்டேன்.

ஐந்து மாதம் கழித்து அவன் வந்தான். விளக்கைச் சுற்றி வட்டம் வட்டமாகத் தெரிகிறது, இடது கண்ணில் நடுப்பார்வையும் மங்கிவிட்டது என்றான். அழுத்தத்தை அளந்தவன் நான்தான். அளவைப் பார்த்து இன்னொரு முறை அளந்தேன். எங்கள் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "என்ன மாத்திரை சாப்பிடுறே?" என்று கேட்டார். சிவக்கொழுந்து சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினான். பக்கத்து வீட்டுக்காரரின் மூட்டு வலிக்கு எழுதிய மாத்திரையாம். அந்தப் பழைய அட்டையைக் காட்டிக் கடை கடையாக வாங்கியிருக்கிறான்.

"யார் சொல்லிச் சாப்பிட்டே?"

நான் நின்ற பக்கமாக அவன் தலையைத் திருப்பினான். "நானாத்தான் சார்" என்றான்.

சொட்டு மருந்தும் சிகிச்சையும் வலது கண்ணைக் காப்பாற்றின. இடது கண்ணின் நரம்பு பட்டது பட்டதுதான். எத்தனையோ வருஷம் நின்றிருக்கக்கூடிய அந்த நடுப்பார்வை, பிறவி நோயால் போகவில்லை, அந்த மாத்திரையால் போனது.

மறுநாளே மேடம் வந்தார். நிலையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று பேசினோம்.

"அவனுக்கு ஸ்டீராய்டுங்கற பேரு எப்படித் தெரிஞ்சிதுன்னே புரியல சார். உங்ககிட்ட எதாவது கேட்டானா?"

"இல்லையே மேடம். பேப்பர்ல பார்த்திருப்பான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "பேப்பர்ல அந்தப் பேரு வரலீங்களே" என்றார். நான் நிலையத்தின் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். "சரிங்க" என்றார். பிறகு அடுத்த ஞாயிறு கம்மாபுரம் பக்கம் போக வண்டி கிடைக்குமா என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அதுவும் பழியை அவர் மேல் போடுகிற யோசனைதான்.

இரண்டாவது கூண்டு எலிகளின் முடிவு அதே வருஷக் கடைசியில் வந்தது. வேறொரு மரபணுக் கோளாறு உள்ள எலிகள் அவை. அவற்றில் அந்த ஏற்பி இல்லாமல் போனதும் விழித்திரை இன்னும் வேகமாக அழிந்தது. ஓரிடத்தில் கெடுதல் செய்த அதே ஏற்பி, இன்னோரிடத்தில் குப்பையை வாரிக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறது. முதல் முடிவை மட்டும் இப்போது எழுதலாம், இரண்டாவதைப் பிறகு தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று கூட இருந்தவர்கள் யோசனை சொன்னார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. பணிக்காலம் முடியப்போகிறது, ஒரு நல்ல கட்டுரை வந்தால் அவருக்கு நீட்டிப்புக் கிடைக்கும். நானும் போனில் அதையேதான் சொன்னேன்.

"ரெண்டு கூண்டையும் ஒண்ணாத்தான் சார் எழுதுவேன். பாதியச் சொன்னா இன்னா ஆவும்னு எங்க வூட்லயே பாத்துட்டேன்."

அந்த வார்த்தையைக் கேட்டதும் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டேன். அவர் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. இரண்டையும் சேர்த்து எழுத, திரும்பத் திரும்பச் சோதனை செய்ய வேண்டியிருந்தது. கட்டுரை வெளிவருவதற்குள் பணிக்காலம் முடிந்துவிட்டது. நீட்டிப்பு வரவில்லை. இரண்டு பெட்டிகளோடு ஊருக்குத் திரும்பி, வடலூர்ப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தப் போனார். எலிகளைப் பற்றி அதன் பிறகு அவராகப் பேச்சை எடுத்ததில்லை. ஒரே ஒரு முறை, மோட்டார் சைக்கிளில் போகும்போது பின்னாலிருந்து, "அந்த ரெண்டு கூண்டுக்கும் நடுவுல இன்னா வித்தியாசம்னு மட்டும் தெரிஞ்சிருந்தா போதும் சார்" என்றார். நான் ஏதோ பதில் சொன்னேன். காற்றில் அவருக்குக் கேட்டிருக்காது.

குடும்பப் பட்டியலை மட்டும் அவர் விடவில்லை. கடைசி நான்கு வருஷமும் அதுதான் அவருடைய ஆராய்ச்சி. எந்த வீட்டில் எந்த மரபணுக் கோளாறு என்று தெரியாமல் எந்த மருந்து வந்தாலும் ஆபத்து, யாருக்கு எது என்று முதலில் தெரிந்தாக வேண்டும் என்பார். பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு எழுதிக் கேட்டு, ரத்த மாதிரிகளை அனுப்பிவைத்தார். சில வீடுகளுக்குப் பதில் வந்தது, பலவற்றுக்கு இன்னும் வரவில்லை. கம்மாபுரம் பக்கம் ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்காக, அவருடைய மேஸ்திரியிடம் தாமே போய் நின்று பகல் வேலை வாங்கிக் கொடுத்தார். "மறைக்காதீங்க, நான் கூட வரேன்" என்று அந்த மனிதரை அழைத்துப் போனாராம். இந்த மேஸ்திரி விஷயத்தை அவர் இறந்த பிறகுதான் மற்றவர்கள் சொல்லக் கேட்டேன்.

அவரைக் கடைசியாகப் பார்த்தது, இறப்பதற்கு இரண்டு வாரம் முன்பு. ஒரு பெண் குழந்தையின் பரிசோதனை முடிவை வாங்கிப்போக நிலையத்துக்கு வந்திருந்தார். சற்று இளைத்திருந்தார். அன்று என்னவோ எனக்குத் துணிவு வந்தது. "மேடம், அன்னைக்கு மரத்தடியில நீங்க கேட்டீங்களே…" என்று ஆரம்பித்தேன். அவர் கையிலிருந்த காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் என் துணிவு போய்விட்டது. "அந்த லிஸ்டுல ரெண்டு பேரு விட்டுப்போச்சு" என்று எதையோ சொல்லி மழுப்பினேன். "ஓ, அதுங்களா" என்றார். காகிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

செய்தி கேட்டு நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மதியம் ஆகியிருந்தது. சிவக்கொழுந்து வாசலில் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். என் குரலைக் கேட்டதும் கையை நீட்டினான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, இனியும் தள்ளிப்போட எனக்கு இடமில்லை என்பதால், சொன்னேன்.

"கொழுந்து, அந்த மாத்திரை விஷயத்த உனக்குச் சொன்னது நான்தான். உங்கக்கா கேட்டப்ப நான் இல்லைன்னுட்டேன்."

"தெரியும்ணே. அக்காவுக்கும் அப்பவே தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியேப்பா."

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தாங்கண்ணே."

அவன் என் கையை விடவில்லை. விட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். மேடத்தின் நோட்டில் இருந்த குடும்பங்கள் சேதி கேட்டு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்திருந்தன. குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தார்கள். பார்வை உள்ளவர் முன்னால் நடக்க, அவர் தோளில் ஒருவர் கை, அவர் தோளில் இன்னொருவர் கை என்று, சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண்மேட்டை ஒட்டிய பாதையில், நல்ல வெயிலில், அவர்கள் பாடைக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஒருவரையொருவர் அன்றுதான் சந்தித்தார்கள். வழி நெடுக யாரும் யாரிடமும் தம் கண்ணை மறைக்கவில்லை.

குழிக்கரையில் கலியபெருமாள் அண்ணனை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அவருக்கு இப்போது வெளிச்சம்கூடத் தெரிவதில்லை. யாரோ அவர் உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணை வைத்தார்கள். குனிந்து போட்டார்.

"சரியா வுழுந்துச்சா?" என்று கேட்டார்.

சுற்றி நின்றவர்கள், வுழுந்துச்சு வுழுந்துச்சு என்றார்கள். மண் குழியின் ஓரத்தில் விழுந்திருந்தது.

"இல்லண்ணே, கொஞ்சம் தள்ளி வுழுந்துடுச்சு" என்றேன். இன்னொரு பிடி மண்ணை எடுத்து அவர் கையில் வைத்து, அந்தக் கையை மேடம் இருந்த இடத்துக்கு நேராகக் கொண்டுபோய்ப் பிடித்தேன். அண்ணன் மெல்ல விரல்களை விரித்தார்.

போய் வாருங்கள், மேடம். நீங்கள் மரத்தடியில் கேட்டதற்குப் பதில், ஆம், என்னிடம்தான் கேட்டான். நான்தான் சொன்னேன்.